திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? 79 வெள்ளி பூசை மாடமும் 34 வெள்ளி 50 காசும்

பழைய கிராணி (தொடக்கப் பதிவு) · திங்கள், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். 31 ஆண்டுகள் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு, இப்போது சுங்கை சிப்புட்டில் மகள் வீட்டோடு இருக்கிறேன். இயங்கலையில் பொருள் வாங்குவதில் நான் புதியவன் அல்லன். ஆனால் வாங்கியதைத் திருப்பி அனுப்புவதில் முற்றிலும் புதியவன். ஆகவே தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பூசை அறைக்கு ஒரு மர மாடம் வாங்கினேன். விலை 79 வெள்ளி (மலேசிய ரிங்கிட்); அனுப்பும் செலவு இலவசம் என்று போட்டிருந்தது. விற்பவர் ஜொகூர் பாருவில் இருக்கிறார். என் அம்மா லயத்து வீட்டில் வைத்துக் கும்பிட்ட முருகன் படம் ஒன்று என்னிடம் உண்டு. சட்டத்தோடு சேர்த்து அதன் அகலம் 58 சென்டிமீட்டர். விளம்பரத்தில் ‘அளவு 60 × 45 × 25’ என்று இருந்ததால் படம் உள்ளே அடங்கிவிடும் என்று நினைத்தேன். வந்த பிறகு நுழைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் இடிக்கிறது. பலகையின் கனத்தைக் கழிக்காமல் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. காலமெல்லாம் கணக்கு எழுதியவர் செய்கிற காரியமா இது என்று மகள் சிரிக்கிறாள்.

விற்பவருக்கு எழுதினேன். அவரும் மரியாதையாகவே பதில் எழுதினார். பொருளில் குறை ஏதும் இல்லை என்றும், அளவை நான் தவறாக நினைத்துக்கொண்டதால் இது வெறும் மனமாற்றம் என்றும், செயலியில் எதையும் அழுத்தாமல் என் சொந்தச் செலவில் அவர் தரும் முகவரிக்கு அனுப்பிவிட்டால் 79 வெள்ளியை என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவதாகவும் சொன்னார். சனிக்கிழமை பெட்டியை மோட்டாரில் கட்டிக்கொண்டு டவுனில் ஒரு கூரியர் முகப்புக்குப் போனேன். தராசு 3.2 கிலோ காட்டியது. கணினியில் 13.5 கிலோ என்று பதிந்து 34 வெள்ளி 50 காசு கேட்டார்கள். பெட்டியைத் திரும்பவும் மோட்டாரில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள். 3.2 கிலோ எப்படி 13.5 கிலோ ஆயிற்று? தவறு என்னுடையது என்னும்போது, விலையில் ஏறத்தாழ பாதியை அஞ்சல் செலவாக நானே ஏற்பதுதான் முறையா?

பொட்டலக்கடை · திங்கள், இரவு 10.02

ஐயா, வணக்கம். இதே ஊரில் நான் கூரியர் பொட்டலங்கள் வாங்கிக்கொள்ளும் முகப்பு ஒன்றை நடத்துகிறேன். தாங்கள் போனது என் கடைக்கா என்று கேட்கமாட்டேன். முதல் ஐயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

லாரியில் எடை தீருவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடுகிறது. அதனால் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, வரும் எண்ணை 5000ஆல் அல்லது 6000ஆல் வகுத்து ஓர் எடையைக் கணக்கிடுகின்றன. தராசு காட்டும் எடை, இந்தக் கன அளவு எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். தங்கள் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். 60 × 45 × 25 என்றால் 67,500. அதை 5000ஆல் வகுத்தால் சரியாக 13.5 கிலோ வருகிறது. 6000ஆல் வகுக்கும் நிறுவனமாக இருந்தால் 11.25 கிலோ. எனவே முகப்பில் இருந்தவர் ஏமாற்றவில்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் சேர்த்துத் தாங்கள் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியின் வயிறு புடைத்திருந்தால் அந்தப் புடைப்பின் மேல்தான் நாங்கள் அளவுநாடாவை வைப்போம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்வை, தலையணை போன்றவை என்றால் அழுத்திச் சுருட்டி வேறு பைக்குள் கட்டச் சொல்வேன், பாதிச் செலவு குறைந்துவிடும். மரத்தை அழுத்த முடியாது.

வரும்போது இலவசமாக வந்தது போகும்போது ஏன் 34 வெள்ளி என்றும் பலர் கேட்கிறார்கள். வரும்போதும் அது இலவசமாக வரவில்லை. விற்பவர் மாதத்துக்கு நூற்றுக்கணக்கில் பொட்டலம் அனுப்புகிறவர் என்றால் அவருக்கு நிறுவனத்தோடு ஒப்பந்த விலை இருக்கும். விற்பனைத் தளம் பேசி வைத்திருக்கும் விலை அதைவிடவும் குறைவாக இருக்கலாம். ஒற்றைப் பெட்டியோடு முகப்புக்கு வருகிற நமக்கு நிறுவனத்தின் முழுக் கட்டணம். செயலி வழியாகத் திருப்பம் ஒப்புக்கொள்ளப்பட்டால் அங்கிருந்தே ஓர் ஒட்டுச்சீட்டோ, கைப்பேசியில் காட்ட ஒரு குறியீடோ கிடைக்கும். அதைக் கொண்டு வருகிறவரிடம் நான் ஒரு காசும் வாங்குவதில்லை. தங்களை அந்த வழியில் போகவிடாமல் விற்பவர் தடுத்திருப்பதுதான் எனக்குச் சற்று உறுத்துகிறது.

சேலைக்காரி · திங்கள், இரவு 10.47

நான் விற்கும் பக்கத்தில் இருப்பவள். வீட்டு முன்னறையில் இரண்டு அலமாரிகளை வைத்துக்கொண்டு, ஆறு ஆண்டுகளாக இயங்கலையில் சேலை விற்கிறேன். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. வாங்குபவர் தவறாக அளந்தார் என்றால் திருப்பி அனுப்பும் செலவு வாங்குபவருடையதே.

65 வெள்ளிச் சேலை ஒன்றை 8 வெள்ளி செலவழித்து அனுப்புகிறேன். தளத்துக்குத் தரகு கொடுக்கிறேன். ‘கைப்பேசியில் பார்த்த நிறம் பிடிக்கவில்லை’ என்று அது திரும்பி வந்தால், அந்த 8 வெள்ளி போனது போனதுதான். திரும்பி வரும் செலவும் என் தலையில் விழுந்தால் நான் ஒன்றும் விற்காமலேயே 16 வெள்ளி இழந்திருப்பேன். சென்ற தீபாவளி முடிந்த நான்காம் நாள் ஒரு சேலை திரும்பி வந்தது. ‘பிரிக்கவே இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். தோள் மடிப்பு விழும் இடத்தில் மூன்று ஊசித் துளைகள். முந்தானையை முகர்ந்தால் சாம்பிராணி வாசம். அதை நான் யாருக்கு விற்பது?

எல்லாத் திருப்பத்தையும் இலவசமாக்கினால் நான் ஒவ்வொரு சேலையிலும் 3 வெள்ளி ஏற்றிவிடுவேன். அப்போது ஒன்றையுமே திருப்பாதவர்கள், நாளுக்கு ஒன்றைத் திருப்புகிறவர்களுக்காகக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அது மட்டும் நியாயமாகிவிடுமா?

நாலாம் டிவிஷன் · செவ்வாய், அதிகாலை 5.31

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் செலவு என்றால் அஞ்சல் கட்டணம் மட்டும்தானா என்று நான் கேட்கிறேன். நான் இன்னும் தோட்டத்துக்குள் இருப்பவன், செம்பனையில் குலை வெட்டுகிறேன். எங்கள் வீடுகளுக்குக் கூரியர் வண்டி வருவதில்லை. பொட்டலங்களைக் காவல் கொட்டகையிலோ அலுவலகத்திலோ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். திருப்பி அனுப்புவதற்கு வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று செயலியில் இருக்கும் வசதி எங்கள் முகவரிக்குத் திறப்பதே இல்லை. டவுனுக்குப் போக 11 கிலோமீட்டர். அதில் பாதி செம்மண் சாலை. முகப்பு மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமானால் அன்றைக்கு அரை நாள் வேலையை விட வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி. வாரம் 6 நாள் வேலைக்காரனுக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. அரை நாள் என்றால் 32 வெள்ளி சொச்சம். ஆக, இலவசத் திருப்பமே ஆனாலும் எனக்கு அது இலவசமில்லை.

இதனால் எங்கள் லயத்தில் 20 வெள்ளிக்குக் குறைந்த எதையும் யாரும் திருப்புவதில்லை. என் வீட்டுப் பரண் மேல் எரியாத கைவிளக்கு ஒன்று, கால் நுழையாத காலணி ஒரு சோடி, மூடி பொருந்தாத ரொட்டி டப்பா ஒன்று. விற்பவர்களில் சிலருக்கு இது தெரிந்தே இருக்கும் என்று நினைக்கிறேன்.

அது போகட்டும். ஐயாவின் விஷயத்தில் ஒன்று இடிக்கிறது. மாடத்தின் அளவு 60, 45, 25 என்று விளம்பரம் சொல்கிறது. பொட்டலக்கடை அண்ணன் போட்ட கணக்கின்படி பெட்டியின் அளவும் 60, 45, 25. பெட்டிக்குள் மாடம் இருக்கிறது. சுற்றிலும் நுரைப்பலகையும் வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே அளவாக எப்படி இருக்கும்? ஐயா அந்த மாடத்தை நாடா வைத்து அளந்தீர்களா?

பழைய கிராணி · செவ்வாய், காலை 8.20

தம்பி, தங்கள் பதிவைப் படித்ததும் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பெட்டி: 60, 45, 25. உள்ளே எல்லாப் பக்கங்களிலும் 2 சென்டிமீட்டர் கனத்தில் வெள்ளை நுரைப்பலகை. மாடம், வெளிப்புற அளவு: 56, 41, 21. பக்கப் பலகை ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டர். ஆகவே உள்ளளவு 54. என் படம் 58. பலகைக் கனத்தைக் கழித்திருந்தாலும் கழிக்காமல் இருந்திருந்தாலும் அது நுழைந்திருக்க வழியே இல்லை. நுழைக்கும்போது இடித்தது பலகையின் உள்பக்கம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் படம் மாடத்தின் வாயிலேயே நின்றுவிட்டிருக்கிறது.

விளம்பரத்தை மீண்டும் திறந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். ‘பெட்டியின் அளவு’ என்ற சொல் எங்கும் இல்லை. ‘அளவு’ என்று மட்டும்தான் இருக்கிறது. சில நாள்களாகத் தவறு என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்டு, விற்பவரிடமும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

சட்டம் 599 · செவ்வாய், பிற்பகல் 1.15

ஐயா, ஒன்றும் கெட்டுவிடவில்லை. நான் வழக்கறிஞன் அல்லன். பயனீட்டாளர் முறையீடுகளில் பல ஆண்டுகள் தொண்டூழியம் செய்த பழக்கத்தில் எழுதுகிறேன்.

இந்த நாட்டில் இயங்கலையில் வாங்கிய பொருளை ‘எனக்கு வேண்டாம்’ என்று மட்டும் சொல்லித் திருப்பும் உரிமையைச் சட்டம் பொதுவாகத் தருவதில்லை. அப்படித் திருப்ப முடிகிறதென்றால் அது விற்பவரோ தளமோ தங்கள் விதியில் கொடுத்திருக்கும் சலுகை. அந்தச் சலுகைக்கு அஞ்சல் செலவை யார் ஏற்பது என்பதையும் அவர்களின் விதிதான் தீர்மானிக்கும். சேலைக்காரி அம்மா சொன்னது அந்த அளவுக்குச் சரி. இங்கிலாந்திலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் காரணமே சொல்லாமல் 14 நாள்களுக்குள் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் அங்கேகூட, விற்பவர் தானே ஏற்பதாகச் சொல்லாமலும், செலவு வாங்குபவருடையது என்று முன்கூட்டியே தெரிவித்தும் இருந்தால், திருப்பும் செலவு வாங்குபவரைத்தான் சேரும். ஆகவே, மனமாற்றத்துக்கும் இலவசத் திருப்பம் பிறப்புரிமை என்று நினைப்பவர்கள் அந்த நினைப்பைக் கைவிடலாம்.

பொருள் விளம்பரத்தோடு ஒத்துவராதபோது கதையே வேறு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 599, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 32ஆம் பிரிவிலும், சொல்லப்பட்ட விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று 34ஆம் பிரிவிலும் உத்தரவாதம் தருகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி வைத்தாலும் அந்த உத்தரவாதம் அழியாது. தொடக்கத்தில் மின்வணிகம் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது.

60 என்று சொல்லி 56 தருவது விவரத்தோடு ஒத்துப்போகாத வழங்கல். குறையை முன்பே அறிந்த நியாயமான ஒருவர் அதை வாங்கியிருக்கமாட்டார் என்னும் அளவுக்கு அது பெரியதாக இருந்தால், பொருளை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அப்படி மறுக்கும் பொருளைத் திருப்பிச் சேர்ப்பது பொதுவாக வாங்குபவர் வேலைதான். ஆனால் அதன் அளவு முதலிய காரணங்களால் கணிசமான செலவில்லாமல் திருப்ப முடியாது என்றால், வழங்கியவர் தம் செலவில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குறையினால் ஏற்படும், முன்கூட்டியே ஊகிக்கத்தக்க இழப்பையும் கோரலாம். 79 வெள்ளிப் பொருளுக்கு 34 வெள்ளி 50 காசு கணிசம் இல்லையென்றால் வேறெது கணிசம்?

தாங்கள் ‘என் தவறு’ என்று எழுதியது ஒரு பொருட்டே அல்ல. அப்போது மாடத்தை அளந்திருக்கவில்லை, அவ்வளவுதான். செய்ய வேண்டியவை இவை. விற்பவர் கொடுத்த தனி முகவரிக்கு அனுப்பாதீர்கள். ‘பொருள் கிடைத்தது’ என்னும் பொத்தானை இன்னும் அழுத்தாமல் இருந்தால், அழுத்தாமலேயே இருங்கள். அதை அழுத்தியதும் தளம் பிடித்து வைத்திருக்கும் பணம் விற்பவருக்குப் போய்விடும். செயலியில் திருப்பக் கோரிக்கையைத் திறந்து, விளம்பரத்தில் உள்ளபடி இல்லை என்னும் காரணத்தைத் தேர்ந்து, மாடத்தின் மேல் அளவுநாடா கிடக்கும் படத்தையும், பெட்டியின் மேல் கிடக்கும் படத்தையும், விளம்பரத்தின் திரைப்படியையும் சேர்த்து ஏற்றுங்கள். செயலிக்குள் கால எல்லை நாள் கணக்கில்தான் இருக்கும், இன்றைக்கே செய்யுங்கள்.

தங்கமீன் · செவ்வாய், மாலை 4.40

நான் செய்த பிழையை இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். மகனுக்குப் பள்ளிக் காலணி வாங்கினேன். அடிப்பாகத்தில் 3 என்று இருந்தது, கால் நுழையவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து ‘மனமாற்றம்’ என்னும் காரணத்தை அழுத்தினேன். திருப்பும் செலவு என்னிடமே வந்தது. பிறகு பழைய 3ஆம் எண் காலணியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விரல் அகலம் குட்டை. காரணத்தை மாற்றித் தருமாறு கேட்டேன். கோரிக்கை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அடுத்த முறை எல்லாரையும் போல ‘உடைந்திருந்தது’ என்றே அழுத்திவிடலாமா என்று தோன்றுகிறது.

சட்டம் 599 · செவ்வாய், மாலை 5.25

தங்கை, அதை மட்டும் செய்யாதீர்கள். உடைந்தது என்றால் பொட்டலம் பிரிக்கும் காணொளியைக் கேட்பார்கள்; இல்லாத உடைப்புக்குக் காணொளி இருக்காது. ‘விளம்பரத்தில் உள்ளபடி இல்லை’ என்பதே தங்களுக்கும் உண்மையான காரணமாக இருந்தது. அளந்துவிட்டு அழுத்த வேண்டும். அழுத்திவிட்டு அளந்ததால் வந்த நட்டம் அது.

சேலைக்காரி · செவ்வாய், இரவு 9.05

மேலே நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஐயா விஷயத்தில் செலவு விற்பவருடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியின் அளவை எடுத்துப் பொருளின் அளவாகப் போடுவது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். தளத்தில் பொருளைப் பதிவு செய்யும்போது அனுப்பும் செலவைக் கணக்கிட பெட்டியின் நீள அகல உயரம் கேட்பார்கள். சோம்பல்பட்டவர்கள் அந்த மூன்று எண்களையே விவரத்திலும் ஒட்டிவிடுவார்கள். சிலர் பொருளைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. மொத்த வியாபாரி அனுப்பிய விவரத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள்.

நான் சேலையின் ஐந்தரை மீட்டரையும், ரவிக்கைத் துணி தனியா ஒட்டியதா என்பதையும் நாடாவோடு படம் எடுத்துப் போடுகிறேன். நிறத்துக்குக் காலை பத்து மணி வெயிலில் வாசலில் ஒரு படம். அந்தப் பழக்கம் வந்த பிறகு எனக்குத் திரும்பி வருவது குறைந்துவிட்டது. வருகிற ஒன்றிரண்டுக்கு மட்டும் நான் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

மீரியிலிருந்து · புதன், காலை 6.50

சுங்கை சிப்புட்டில் பிறந்து சரவாக்கில் ஆசிரியராக இருப்பவன் எழுதுகிறேன். தீபகற்பத்திலிருந்து எங்களுக்கு வரும் பொட்டலத்துக்குக் கட்டணம் வேறு; திருப்பி அனுப்பினாலும் அதே கடல் கடந்த கட்டணம். 25 வெள்ளிச் சட்டைக்கு அதைவிடக் கூடுதலாக முகப்பில் கேட்டார்கள். அதனால் நான் இப்போது வாங்குவதற்கு முன்பே விற்பவரின் ஊரைப் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் விலை. எங்கிருந்து விற்கிறார் என்பதே தெரியாத கடையாக இருந்தால் என்ன செய்வது?

சட்டம் 599 · புதன், காலை 7.35

ஆசிரியர் ஐயா, 2013 ஜூலை 1 முதல் நடப்பில் வந்த மின்வணிக விதிமுறைகள் இதைத்தான் கேட்டன: விற்பவர் தம் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பொருளின் முதன்மைத் தன்மைகள், போக்குவரத்துச் செலவும் வரியும் சேர்ந்த முழு விலை ஆகியவற்றை வெளியிட வேண்டும். ஒன்றுமே காட்டாத கடையில் வாங்கினால் திருப்பம் என்ற பேச்சு எழும்போது பேச ஆளே இருக்கமாட்டார்.

தளம் கைவிரித்துவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். 34 வெள்ளிக்காகவா என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். விசாரணைக்கு ஈப்போவுக்குப் போய்வரும் செலவைப் பார்த்தால் எனக்கும் தயக்கம் வரும். ஆனால் 79 வெள்ளியும் சேர்ந்து சிக்கிக்கொண்டால் நான் தயங்கமாட்டேன். மனு எழுதத் தெரியாதவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதிக் கேட்கலாம். அவர்கள் தமிழிலும் வழிகாட்டுகிறார்கள்.

பொட்டலக்கடை · புதன், பிற்பகல் 12.30

ஐயாவின் கோரிக்கை ஒப்புக்கொள்ளப்படும் என்ற நம்பிக்கையில், கட்டும் வகையைச் சொல்லிவிடுகிறேன். முகப்பில் பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

வந்த பெட்டியிலேயே, வந்த நுரைப்பலகையோடு வையுங்கள். பழைய ஒட்டுச்சீட்டைக் கிழித்துவிடுங்கள் அல்லது கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். இரண்டு சீட்டு இருந்தால் பிரிக்கும் நிலையத்தில் இயந்திரம் பழையதைப் படித்துவிட்டுப் பெட்டியைத் தங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடும். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது; ஓர் அம்மாவுக்கு ஒரே பெட்டி இரண்டு முறை திரும்பி வந்தது. பெட்டியை மூடும்போது, உள்ளே மாடம் இருப்பதும் கோரிக்கை எண் தெரிவதும் சேர்ந்த ஒரு காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் சீட்டை வருடி முடித்ததும் ரசீது கேட்டு வாங்குங்கள். அந்த ரசீது இல்லாமல் பெட்டி வழியில் தொலைந்தால் தாங்கள் அனுப்பியதற்கே சான்று இல்லை.

அச்சிடும் இயந்திரம் வீட்டில் இல்லாதவர்கள் நூலகம் தேடி அலைய வேண்டாம். கைப்பேசிக் குறியீட்டைக் காட்டினால் போதும் என்று சில நிறுவனங்கள் ஏற்கின்றன. இல்லையென்றால் என் கடையில் ஒரு தாளுக்கு 50 காசு. நாலாம் டிவிஷன் தம்பிக்கு ஒரு வார்த்தை: தோட்டத்திலிருந்து யாராவது ஒருவர் டவுனுக்கு வரும்போது நான்கு வீட்டுத் திருப்பங்களையும் சேர்த்துக் கொண்டுவரலாம். பெட்டிக்குரியவரே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. சீட்டு சரியாக இருந்தால் போதும்.

நாலாம் டிவிஷன் · புதன், இரவு 8.15

அண்ணன் சொன்னது நல்ல யோசனை. வெள்ளிக்கிழமை தோறும் தோட்டத்து வேன் டவுனுக்கு வருகிறது. லயத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் இன்றைக்கே எழுதியிருக்கிறேன். மூன்று வீட்டார் கை தூக்கிவிட்டார்கள். என் கைவிளக்குக்கு மட்டும் நாள் கடந்துவிட்டது. அது பரணிலேயே இருக்கட்டும்.

பழைய கிராணி · மறுவாரம் வியாழன், இரவு 9.40

முடிந்த கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

செவ்வாய் மாலையே கோரிக்கையைத் திறந்தேன். மூன்று படங்களையும் ஏற்றி, பெட்டியின் அளவு பொருளின் அளவாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று இரண்டு வரி எழுதினேன். விற்பவர் முதலில் மறுத்தார். நான் ‘என் தவறு’ என்று எழுதிய பழைய செய்தியையும் எடுத்துக் காட்டினார். அளவுநாடாப் படத்தை மட்டும் மறுபடி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை தளம் ஒப்புக்கொண்டு ஒட்டுச்சீட்டு அனுப்பியது. சனிக்கிழமை பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகப்பில் கேட்ட காசு: ஒன்றுமில்லை. இன்று காலை 79 வெள்ளி திரும்ப வந்தது.

ஆனாலும் என் கணக்குப் புத்தகத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ஒட்டுநாடா 3 வெள்ளி 20 காசு, சீட்டு அச்சிட 50 காசு, மோட்டாருக்கு எண்ணெய் இரண்டு நடைக்கு 2 வெள்ளி. ஆக 5 வெள்ளி 70 காசை யாரும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. விளம்பரத்தை இன்று மறுபடி பார்த்தேன். அதே 60, 45, 25 இருக்கிறது. பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘பெட்டி’ என்று சேர்த்திருக்கிறார்கள். மாடத்தின் அளவை இன்னும் போடவில்லை.

கோயில் தெருவில் தச்சு வேலை செய்பவரிடம் சொல்லியிருக்கிறேன். 110 வெள்ளி கேட்கிறார். அவரிடம் கொடுத்த தாளில் ‘உள்ளளவு 60’ என்று எழுதி, ‘உள்ளளவு’ என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.